கூடைப்பந்துக் காலணியின் பெருவாழ்வு

சங்கத்தின் ஆண்டு மலரில் காலணியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளித்தல் கூடும். கரிகாலனும் இராசேந்திரனும் வீற்றிருக்கும் வரிசையில் ஒரு கித்தான் செருப்பைக் கொண்டு வந்து நிறுத்துவது முறைதானா என ஐயுறுவோரும் உண்டு. ஆயினும் காலணி அரியணை ஏறிய கதை நமக்குப் புதிதன்று. இராமன் கானகத்தில் வாழ்ந்த 14 ஆண்டுகளும் அயோத்தியை ஆண்டவை அவனுடைய பாதுகைகளே. பரதன் அவற்றைத் தலைமேல் தாங்கி வந்து நந்தியம்பதியில் வைத்துப் போற்றினான். பாதுகையின் மரம் எத்தகையது, தச்சன் கைத்திறன் எத்தகையது என்றெல்லாம் அன்று எவரும் வினவவில்லை. எவருடைய திருவடி அதன்மேல் பட்டது என்பது ஒன்றே பொருளாயிற்று.

அக்கதையை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் காலனியில் பள்ளி இறுதி வகுப்பை எட்டிய பிள்ளைகள் இப்போது தீபாவளிக்குப் புத்தாடை கேட்பதில்லை, காலணி கேட்கின்றனர். அதுவும் ஏதோ ஒரு காலணி அன்று. கணுக்காலை மூடி நிற்கும் கூடைப்பந்துக் காலணி, அதிலும் இன்ன பெயருடையது, இன்ன நிறமுடையது என்று வரையறுத்தே கேட்கின்றனர். பிரிகேட் ரோடுக் கடைகளில் அத்தகைய ஓர் இணையின் விலை 10,000 ரூபாயையும் தாண்டுகிறது. ஒரு குடும்பத்தின் மாத மளிகைக் கணக்குக்கு ஈடான தொகை அது. வாங்கிய பின்னர் அப்பிள்ளை கூடைப்பந்து ஆடுகிறானா என்றால், பெரும்பாலும் இல்லை. காலணி அழுக்குறும் என்று மைதானத்துப் பக்கமே செல்வதில்லை! தந்தையர் சினம் கொள்வதும் தாய்மார் இடைநின்று சமாதானம் செய்வதும் வீடுதோறும் நிகழ்கின்றன. பிள்ளைகளைக் கடிந்துகொள்வதற்கு முன் இப்பொருளின் வரலாற்றைச் சற்று ஆராய்வது நலம் என்று நாம் கருதினோம்.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிறந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர் வெளியே சென்று விளையாட இயலாமையைக் கண்டு, கூடத்தினுள் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார். பழக்கூடை இரண்டை மாடத்தில் கட்டித் தொங்கவிட்டதே தொடக்கம். அதே ஒய்.எம்.சி.ஏ. வாயிலாக அது இந்நாட்டுக்கும் வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி, தென்னாட்டுப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பியது. நம்மவர் கூடைப்பந்தைக் கற்றதில் அக்கல்லூரியின் பங்கு பெரிது.

கூடத்தின் மரத்தரை வழுக்கும். தோற்செருப்போடு அதில் ஓடித் திரும்ப இயலாது. ஆகவே அடியில் ரப்பரும் மேலே கித்தானும் கொண்ட காலணி வேண்டியதாயிற்று. வெயிலில் உருகிக் குளிரில் வெடிக்கும் இயல்புடைய ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் வழியை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்திருந்தார். ரப்பர் மரமோ பிரேசில் நாட்டுக்கே உரியது. 1876இல் ஹென்ரி விக்ஹம் என்னும் ஆங்கிலேயர் அதன் விதைகள் 70,000 அளவில் இலண்டனுக்குக் கொண்டு சென்றார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. அதன்பின் மலாயாவின் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் விடியலுக்கு முன்னெழுந்து மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர் யாவர்? தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிமார் அழைத்துக் கப்பலேற்றிய நம் தமிழ் மக்களே. மலாயா ரப்பரில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே கூடத்தில் குதித்து ஆடிய இளைஞனின் காலடியில் இருந்த ரப்பருக்கும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒருவனின் உழைப்புக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. நம் காலனியிலேயே மூதாதையர் எவரேனும் மலாயா சென்று திரும்பாத குடும்பங்கள் உள்ளன. அவர்கள் இதனை நன்கு அறிவர்.

இனி நம் கதைத்தலைவனிடம் வருவோம். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1908இல் தொடங்கப்பெற்ற கன்வர்ஸ் கம்பெனி, 1917இல் 'ஆல் ஸ்டார்' என்னும் கூடைப்பந்துக் காலணியை வெளியிட்டது. தொடக்கத்தில் அதற்குத் தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை. அதையொத்த காலணிகளைப் பிற கம்பெனிகளும் செய்தன. 1921இல் சார்லஸ் டெய்லர் என்னும் இளைஞர் அக்கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். 'சக்' என்பது அவருடைய செல்லப்பெயர். தாமும் கூடைப்பந்து ஆடியவர். உலகம் வியக்கும் பெருவீரர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் வேறெவரும் செய்யாதது. மோட்டார் வண்டியில் காலணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களைத் திரட்டிப் பந்தை எறிவது எப்படி, பிடிப்பது எப்படி என்று கற்பித்தார். பாடம் முடிந்த பின்னரே பையிலிருந்து காலணி வெளிவரும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு சுற்றினார். ஆட்டத்தைக் கற்பித்த ஆசானே காலணியையும் தந்தமையால், அமெரிக்கச் சிற்றூர் மாணவனுக்கு இரண்டும் ஒன்றாயின. 1930களில் கணுக்காலில் உள்ள வட்டச் சின்னத்தில் அவருடைய கையொப்பத்தையே கம்பெனியார் பொறித்தனர். தம் பெயருக்கென அவர் உரிமைத்தொகை எதுவும் பெற்றதில்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர் கூறுவர். சம்பளக்காரராகவே வாழ்ந்து 1969இல் மறைந்தார். கையொப்பமிட்டே ஆயுளைக் கழிக்கும் நம்மைப் போன்ற எழுத்தர்களுக்கு இச்செய்தி ஒருவகைப் பெருமையும் ஒருவகைப் பெருமூச்சும் தருவதாகும்!

1960கள் வரை அமெரிக்காவில் கூடைப்பந்து என்றால் அக்காலணியே. 1962 மார்ச்சு மாதத்தில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோது அவர் கால்களில் இருந்ததும் அதுவே. ஆனால் அந்தப் பத்தாண்டின் முடிவிலேயே தோலாற் செய்த காலணிகள் வந்துவிட்டன. கால் சுளுக்குவதும் கொப்புளம் எழுவதும் குறைந்தன. ஆட்டக்காரர் ஒருவர் பின் ஒருவராகக் கித்தானைக் கைவிட்டனர். பொருளின் பயன் முடிந்தது. இனி அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியதுதான் என்று எவரும் எண்ணியிருப்பர்.

வியப்பு இதற்கு மேல்தான் தொடங்குகிறது. ஆட்டக்காரர் விட்ட காலணியை ஆடாதவர் எடுத்துக்கொண்டனர். விலை மலிவு, உழைப்பது நெடுநாள், பார்வைக்கு எளிமை. மாணவர், ஓவியர், இசைவாணர் ஆகியோர் அதனை விரும்பி அணிந்தனர். 1990களில் கர்ட் கோபேன் என்னும் பாடகர் கிழிந்த கன்வர்ஸோடு மேடையேறினார். பகட்டான உடையை வெறுத்தவர்க்கு அது கொடியாயிற்று. கம்பெனியோ 2001இல் திவால் நிலையை அடைந்தது. 2003இல் நைக்கி நிறுவனம் 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதனை வாங்கியது. செய்தவர் வீழ்ந்தும் செய்த பொருள் வீழவில்லை என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்க. 2020இல் அமெரிக்கத் துணைக்குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸ் இக்காலணியை அணிந்தே பிரசாரம் செய்தார். அடுத்த ஆண்டு ஒரு புகழ்பெற்ற இதழின் அட்டைப்படத்திலும் அதே கோலத்தில் காட்சியளித்தார். மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்துக் கோபாலனின் பெயர்த்தி அவர் என்பதால் நம் வீடுகளிலும் அப்படத்தை ஆவலோடு பார்த்தனர். பட்டுப்புடவை எங்கே என்று கேட்ட பாட்டிமாரும் இருந்தனர். பாட்டிமாரின் வினாவுக்கு விடை எளிது: பட்டு உடுத்தியிருந்தால் வேற்றவராகத் தோன்றியிருப்பார், உயர்ந்த குதிகால் காலணி அணிந்திருந்தால் செல்வராகத் தோன்றியிருப்பார். கித்தான் காலணி அணிந்தபோது ஒவ்வொருவர் வீட்டுப் பெண்ணாகவும் தோன்றினார்.

அடிடாஸ் கம்பெனியாரின் 'சூப்பர் ஸ்டார்' என்னும் தோற்காலணியின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. 1969இல் ஆட்டக்காரருக்கென வந்தது, ரன்-டி.எம்.சி. என்னும் கறுப்பின இசைக்குழுவினர் நாடா கட்டாமல் அணிந்து 1986இல் அதைப் பற்றியே பாட்டுப் பாடினர். அதனால் அது நிலைபெற்றது. விரிக்கின் பெருகும்.

மைக்கேல் ஜோர்டனின் கதைதான் வேறுவகை. அதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். 1984இல் ஜோர்டன் தொழில்முறை ஆட்டத்தில் புதிதாக அடியெடுத்து வைத்த இளைஞர். நைக்கி அன்று கூடைப்பந்துத் துறையில் முதலிடம் பெற்ற கம்பெனி அன்று. ஐந்தாண்டுகளுக்கு 25 இலட்சம் டாலர் அளவில் தருவதாக அவரோடு உடன்படிக்கை செய்து, அவர் பெயராலேயே ஒரு காலணியை உருவாக்கத் துணிந்தது. பீட்டர் மூர் என்பவர் அதனை வடிவமைத்தார். அந்நாளில் ஓர் அணியினர் யாவரும் ஏறத்தாழ ஒரே நிறக் காலணி அணியவேண்டும் என்பது சங்கத்தார் விதி. செம்மையும் கருமையும் கலந்த ஜோர்டனின் காலணி அவ்விதிக்குப் புறம்பானது என்று 1985 பிப்ரவரியில் ஓலை வந்தது. வேறெந்தக் கம்பெனியாயினும் மன்னிப்புக் கேட்டு நிறத்தை மாற்றியிருக்கும். நைக்கியார் அத்தடையையே விளம்பரமாக்கினர். தடை செய்யப்பட்ட காலணி என்றதும் இளைஞர் கூட்டம் கடைகளில் மொய்த்தது. முதல் ஓராண்டிலேயே 10 கோடி டாலருக்கு மேல் விற்றதாகக் கூறுவர். உண்மையில் தடைக்கு உள்ளானது இதற்கு முந்திய வேறொரு மாதிரி என்று பின்னர் ஆராய்ந்தோர் சொல்லுகின்றனர். அது ஒருபுறம் இருக்க. கதை முன்னே ஓடிவிட்டால் உண்மை நொண்டிக்கொண்டு பின்னே வரும். வந்து சேரும்போது கடை மூடியிருக்கும்.

ஆயினும் விளம்பரம் மட்டுமே இதனைச் செய்தது என்பது எமது கருத்தன்று. ஜோர்டன் ஆடினார்; வென்றார். 1991 முதல் 1998 வரை ஆறு முறை தம் அணிக்கு வாகை சூட்டினார். ஆண்டுதோறும் அவர் பெயரால் ஒரு புதுக்காலணி வந்தது. எனவே ஒவ்வொரு காலணியும் ஒவ்வொரு வெற்றியின் நினைவுக்கல்லாயிற்று. 1998 இறுதிப் போட்டியில் அவர் அணிந்த ஓர் இணை 2023இல் நியூயார்க் ஏலத்தில் 22 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. நந்தியம்பதிப் பாதுகையின் கதை வேறெங்கோ வேறு வடிவில் நடந்தேறியதாகவே நமக்குத் தோன்றுகிறது. பரதன் மட்டும் அதனை விற்கவில்லை.

சிறந்த பொருள் நிலைக்கும் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது முழு உண்மை அன்று. 1989இல் ரீபாக் கம்பெனியார் காற்றடைத்துக் காலுக்கு இறுக்கிக்கொள்ளும் 'பம்ப்' என்னும் காலணியை வெளியிட்டனர். அன்று அதனை வியக்காதவர் இல்லை. வியப்பு அதன் பொறியில் இருந்தமையால், அதனினும் நுட்பமான பொறிகள் வந்தபோது அது பழையதாயிற்று. கித்தானும் ரப்பரும் கொண்ட கன்வர்ஸுக்கோ பழையதாவதற்கு ஏதும் இல்லை.

இப்போது நம் நாட்டுக் காலணி ஒன்றை இதனோடு ஒப்பிடுவோம். செக்கோஸ்லோவாக்கியாவில் புகழ்பெற்று விளங்கிய பேட்டா கம்பெனி 1931இல் இந்தியாவில் காலூன்றியது. கல்கத்தாவுக்கு அருகே பேட்டாநகர் என்னும் ஊரே அதனால் எழுந்தது. 1936இல் இந்தியப் பள்ளி மாணவரின் உடற்பயிற்சி வகுப்புக்கென்றே வெள்ளைக் கித்தான் காலணி ஒன்றை அங்கு உருவாக்கியதாகவும், அது 50 கோடி இணைகளுக்கு மேல் விற்றதாகவும் அக்கம்பெனியார் தம் வரலாற்றில் கூறிக்கொள்கின்றனர். 'பேட்டா டென்னிஸ்' என்பது அதன் பெயர். டென்னிஸ் மட்டையைக் கண்ணாற் காணாத கோடிப் பிள்ளைகள் அதனை அணிந்தோம்! வாரம் ஒருமுறை சாக்கட்டியைத் தேய்த்து வெண்மையாக்கி, மழைநாளில் அவ்வெண்மை கரைந்து காலுறை வரை வழிய, வரிசையில் நின்றோம். 99 ரூபாய் 95 காசு என்று ஐந்து காசைக் குறைத்துச் சொல்லும் பேட்டா விலையைக் கண்டு தந்தையர் நகைத்ததும் நினைவில் உள்ளது.

பொருளால் நோக்கின் இதற்கும் கன்வர்ஸுக்கும் பெரும் வேற்றுமை இல்லை. அதுவும் கித்தான், இதுவும் கித்தான். அதுவும் ரப்பர், இதுவும் ரப்பர். தொகையிலும் நம்முடையது குறைந்ததன்று. அவ்வாறாயின் அது உலகம் போற்றும் சின்னமாகி, இது பரணில் கிடப்பது ஏன்? இரண்டு காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன. நம் காலணியில் எவர் பெயரும் இல்லை. அதனோடு ஊர் ஊராக வந்து ஆட்டம் கற்பித்த ஆசான் இல்லை. இரண்டாவது, இதனினும் பெரியது: அதனை நாம் விரும்பி அணியவில்லை. அணியாவிடில் வெளியே நிற்கவேண்டும் என்ற விதியால் அணிந்தோம். பள்ளி முடிந்த அன்றே கழற்றி எறிந்தோம். அமெரிக்க இளைஞன் ஆட்டக்காரர் கைவிட்ட காலணியைத் தானாகத் தேர்ந்துகொண்டான். நாம் தப்பிக்க வழிதேடினோம். ஆணையால் ஏறிய பொருள் ஆணை நீங்கியதும் இறங்கிவிடுகிறது. அண்மைக் காலத்தில் பேட்டா கம்பெனியார் அப்பழைய மாதிரியைப் புதுப்பித்து வெளிநாட்டுக் கடைகளில் நாகரிகப் பொருளாக விற்க முனைந்தனர். நம் வகுப்பறை வரிசையை அறியாத அயல்நாட்டார்க்கு அது அழகாகவே தோன்றியிருக்கும்.

நம் நாட்டில் காலணிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. சங்க நூல்களில் தொடுதோல் என்னும் சொல் வழங்குகிறது. ஆகவே காலணி நமக்குத் தொன்மையானதே. எனினும் பிற்காலத்தே அது எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. சில தெருக்களில் சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நம் காலம் வரை நீடித்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அவ்வழியே இந்நகரை அடைந்த தமிழரில், இங்கே தெருவில் செருப்போடு நடக்கலாம் என்பதற்காகவே வந்தவரும் இருந்திருப்பர் என நாம் எண்ணுகிறோம். தோல் பதனிடும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பிறர் காலுக்குச் செருப்புத் தைத்துத் தம் காலுக்கு இல்லாதிருந்தவரின் பேரப்பிள்ளை இன்று ஒளிவிடும் காலணியோடு தலைநிமிர்ந்து நடக்கும்போது, அதனை வெறும் ஆடம்பரம் என்று ஒரே சொல்லால் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கி வாங்குவதை மட்டும் நாம் ஒப்பமாட்டோம்.

பெயரின் ஆற்றலைப் பற்றிச் சொன்னோம். நம்மிடையே பெயர் பெற்ற ஆட்டக்காரர் இல்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியானார். தென்னக இரயில்வேயில் பணிபுரிந்தவர் என்பதால் நம் இனத்தவர் என்றே சொல்லிக்கொள்வோம். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2017 ஜூலையில் இந்தப் பெங்களூரிலேயே, கண்டீரவ உள்ளரங்கில், ஆசியக் கோப்பை மகளிர் போட்டியின் 'பி' பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று 'ஏ' பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டே புள்ளி! ஜோர்டனின் பிறந்தநாளைச் சொல்லும் நம் இளைஞர் எத்தனைபேர் இவ்வெற்றியை அறிவர்? அனிதாவின் பெயர் பொறித்த காலணி எதையும் நம் கடைத்தெருவில் நாம் கண்டதில்லை. அத்தகைய ஒன்று வருமாயின் முதல் இணையை நம் காலனிப் பெண்மக்களுக்கு வாங்கித்தர நாம் அணியமாக உள்ளோம்.

ரப்பரில் தொடங்கிய தமிழர் தொடர்பு இன்றும் அறவில்லை என்பதைச் சொல்லி முடிப்போம். தைவான் நாட்டு ஃபெங் டே நிறுவனத்தார் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் நைக்கி காலணிகளைச் செய்கின்றனர். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரிலும் அவர்களுடைய ஆலை உண்டு. நாம் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அணித்தே உள்ளது அவ்வூர். இராணிப்பேட்டையை அடுத்த பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ என்னும் மற்றொரு தைவான் நிறுவனத்தின் ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வாலைகளில் வேலை செய்வோர் பெரும்பாலும் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள். கம்பெனிப் பேருந்தில் வந்து, வெட்டியும் தைத்தும் பசையிட்டு ஒட்டியும் பெட்டியில் அடைத்தும் மாலையில் திரும்புகின்றனர். அப்பகுதிகளில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் காலனியில் பல. அவர்களுள் எவரேனும் அப்பெண்களைக் கண்டு பேசி, ஓர் இணை முடிய எத்தனை கைகள் மாறுகின்றன, எந்த வேலை கடினம், தாம் செய்த காலணியை அவர்கள் அணிந்ததுண்டா என்பவற்றைக் கேட்டறிந்து அடுத்த மலருக்கு எழுதித் தருவாராயின், நாம் விட்ட குறை நிறைவுபெறும்.